செல்போனுக்குள் வாட்ச் இயந்திரம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

செல்போன் வந்த பிறகு மணி பார்ப்பதற்காக வாட்ச் கட்டும் பழக்கத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் அதே செல்போனுக்குள் சாவி கொடுத்து ஓடும் வாட்ச்சின் உறுப்புகளைக் கொண்டுபோய் வைத்து, ஒரு கார் விலைக்கும் சில சமயம் ஒரு வீட்டு விலைக்கும் விற்கிற சின்ன உலகம் ஒன்று இருக்கிறது. போனின் முதுகில் கண்ணாடிக்குப் பின்னால் பல்சக்கரங்கள் சுழல்வதைப் படத்தில் பார்த்தவர்களுக்கு வரும் சந்தேகம் இரண்டுதான். அது உண்மையில் ஏதாவது வேலை செய்கிறதா, இல்லை வெறும் அலங்காரமா? வாங்கினால் காசுக்குத் தகுமா? இதற்குப் பதில் சொல்ல வாட்ச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாட்ச் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் கூடவே வரலாம்.

மெக்கானிக்கல் வாட்ச் என்றால் பேட்டரியே இல்லாத வாட்ச். பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருகினால் உள்ளே ஒரு மெல்லிய உலோக நாடா இறுகச் சுருண்டுகொள்ளும். அதுதான் மெயின் ஸ்பிரிங். சும்மா விட்டால் அது ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும். அப்படி அவிழவிடாமல், துளித்துளியாக ஒன்றரை நாள் இரண்டு நாள் வரைக்கும் இழுத்துப் பிடித்து அவிழ வைப்பதற்குத்தான் மற்ற உறுப்புகள் எல்லாம். பல்சக்கரங்கள் வழியாக வரும் விசையை எஸ்கேப்மென்ட் என்ற அமைப்பு ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுகிறது. எப்போது விட வேண்டும் என்பதை பேலன்ஸ் வீல் என்கிற சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடித் தீர்மானிக்கிறது. இன்றைய வாட்ச்சுகள் பலவற்றில் இந்த ஆட்டம் மணிக்கு 28,800 தடவை, அதாவது நொடிக்கு 8 தடவை. காதருகே வைத்தால் கேட்கிற டிக் டிக் சத்தம் இதுதான்.

இன்னும் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும், பிறகு போனுக்குப் போய்விடலாம். ஒன்று ரோட்டர். ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் பின்பக்கம் அரைவட்டமாக ஒரு எடை தொங்கும், கை அசையும்போது அது சுழன்று ஸ்பிரிங்குக்குத் தானே சாவி கொடுத்துவிடும். இரண்டாவது கல். பழைய வாட்ச்சுகளில் 17 ஜுவல்ஸ் என்று எழுதியிருக்குமே, அது நகைக்கான கல் இல்லை. அச்சுகள் சுழலும் இடத்தில் தேய்மானம் குறைய வைக்கிற செயற்கை ரூபி, விலை அதிகமில்லாத சமாச்சாரம். மூன்றாவது டூர்பியான். பேலன்ஸ் வீலையும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு குட்டிக் கூண்டுக்குள் வைத்து அந்தக் கூண்டையே சுழல விடுவது, பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆபிரகாம் லூயி பிரெகே என்ற வாட்ச் தயாரிப்பாளர் 1801-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இது எதற்கு என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன், ஏனென்றால் போனில் அதை வைத்தபோதுதான் கதை சுவாரஸ்யமாகிறது.

சரி, போனையும் வாட்ச்சையும் சேர்க்க வேண்டும் என்று யாருக்கு, ஏன் தோன்றியது? 1969 டிசம்பரில் சீகோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் படிகம் எந்த ஸ்பிரிங்கையும்விடத் துல்லியமானது, அப்புறம் விலையும் மளமளவென்று சரிந்தது. துல்லியத்துக்காக மெக்கானிக்கல் வாட்ச் வாங்க வேண்டிய காரணமே அதோடு போய்விட்டது. சுவிஸ் வாட்ச் தொழில் பாதி செத்துப் பிழைத்தது. பிழைத்தது எப்படி என்றால், மணி காட்டும் கருவி என்ற நிலையிலிருந்து கைவேலையின் அடையாளம், அந்தஸ்தின் அடையாளம் என்ற இடத்துக்கு நகர்ந்து. அப்படியானால் எல்லோர் கையிலும் இருக்கிற இன்னொரு கருவியான செல்போனையும் அதே இடத்துக்கு நகர்த்தலாமே என்று கணக்குப் போட்டவர்கள் நோக்கியா ஆட்கள். அங்கே வடிவமைப்புத் தலைவராக இருந்த ஃபிராங்க் நுவோவோவின் யோசனையில் பிறந்த வெர்ட்டு என்ற துணை நிறுவனம் 2002-இல் தன் முதல் போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெர்ட்டு போனுக்குள் ஓடுகிற வாட்ச் எதுவும் கிடையாது. வாட்ச் தொழிலிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது பொருட்களையும் வேலைப்பாட்டையும்தான். முகப்புக்குச் சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் சஃபையர் (செயற்கையாக வளர்த்த, கண்ணாடி போலத் தெளிவான படிகம்), பொத்தான்களுக்கு அடியில் ரூபி பேரிங், உடலுக்கு எஃகு, டைட்டானியம், தங்கம், செராமிக் என்று விதவிதமாக. இங்கிலாந்தில் வைத்துக் கையால் பூட்டினார்கள், ஒரு போனை ஒரே ஆள் பூட்டிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பக்கவாட்டில் ஒரு பொத்தான், அழுத்தினால் ஓட்டல் அறை பிடிப்பதிலிருந்து டிக்கெட் எடுப்பது வரை செய்து தரும் ஆள் ஒருவர் மறுமுனையில் வருவார். ரூபி பேரிங் வைத்ததால் பொத்தான் அழுத்தும்போது ஒரு சுத்தமான சொடுக்கு கிடைக்கும், நீண்ட நாள் தேயாது. அது நிஜமான பயன்தான், ஆனால் அதற்காக அந்த விலையா என்றால் இல்லை. சஃபையரும் அப்படித்தான். சாவிக் கொத்தோடு பையில் போட்டாலும் எளிதில் கீறல் விழாது, ஆனால் கீழே விழுந்தால் உடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடினமான பொருள்கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்காதவை, அதனால் விரிசல் விடும்.

வாட்ச் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. டாக் ஹோயர் 2008-இல் மெரிடிஸ்ட் என்ற போனை விட்டது. அதிலும் சஃபையர் உண்டு, மேல் விளிம்பில் மணி பார்க்க ஒரு குட்டித் திரை உண்டு, ஆனால் இயந்திரம் கிடையாது. வாட்ச் கம்பெனியின் பெயர் பொறித்த போன் என்பதும் வாட்ச் உறுப்பு உள்ள போன் என்பதும் வெவ்வேறு. விளம்பரம் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே இயந்திரம் உள்ள போன்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சிலிருந்து வந்த ஒன்று. செல்சியஸ் எக்ஸ் வி-ஐ ஐ-ஐ என்று வாயில் நுழையாத பெயருள்ள நிறுவனம் 2010-ஐ ஒட்டிக் காட்டிய லெ டிஸ் என்ற மடக்கு போன். அதன் மேல்மூடியில் முழுதாக ஒரு டூர்பியான் வாட்ச் இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இயந்திர உறுப்புகள், லட்சக்கணக்கான டாலர் விலை. ஆனால் நான் வியந்தது விலையைப் பார்த்தோ டூர்பியானைப் பார்த்தோ இல்லை, கீலைப் பார்த்து. போனைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கீல் வாட்ச்சின் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் சாவி கொடுக்கும். மடக்கு போன் வைத்திருப்பவர் பேசுவதற்காக எப்படியும் திறந்து மூடத்தான் போகிறார், வீணாகப் போகிற அந்த அசைவைப் பிடித்து வாட்ச்சை ஓட்டுவது என்பது அசல் இயந்திர மூளைக்குத்தான் தோன்றும். போன் என்ற வடிவத்துக்கே உரிய ஒரு செயலிலிருந்து வாட்ச் சக்தி பெறுகிறது. இரண்டையும் வெறுமனே ஒட்டாமல் நிஜமாகவே இணைத்தார்கள் என்று சொல்லக்கூடியது இந்த வகையில் அபூர்வம்.

இப்போது டூர்பியான் கதைக்கு வருவோம். பிரெகே காலத்தில் வாட்ச் கையில் இல்லை, சட்டைப் பையில் நிமிர்ந்தபடி கிடந்தது. நாள் முழுக்க ஒரே நிலையில் தொங்கினால் பேலன்ஸ் வீலில் இருக்கும் மிக நுண்ணிய எடை ஏற்றத்தாழ்வைப் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும், வாட்ச் சீராக முந்தும் அல்லது பிந்தும். கூண்டோடு சுழல விட்டால் அந்தப் பிழை எல்லாத் திசையிலும் பரவி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அதுதான் யோசனை. கைக்கடிகாரம் வந்த பிறகு கையே எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கிறது, ஆகவே டூர்பியானுக்குப் பெரிய தேவை இல்லை என்பது வாட்ச் ஆர்வலர்கள் நடுவே ஓயாத விவாதம். அப்படிப் பார்த்தால் பையில் நிமிர்ந்து கிடக்கிற செல்போன்தான் பழைய பாக்கெட் வாட்ச்சுக்கு மிக நெருக்கமான இன்றைய பொருள்! டூர்பியானை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்றுகூட வாதாடலாம்.

ஆனால் அந்த வாதம் நாலு அடி போனதும் விழுந்துவிடும். அதே போனின் திரையில் இன்னொரு மணி ஓடுகிறது, அது நெட்வொர்க்கிலிருந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. சுவிஸ் துல்லியச் சான்றான சிஓஎஸ்சி வாங்கிய ஒரு மெக்கானிக்கல் இயந்திரத்துக்கே சராசரியாக ஒரு நாளில் 4 நொடி பிந்துவதும் 6 நொடி முந்துவதும் அனுமதிக்கப்பட்ட அளவு. போன் திரை அவ்வளவு தவறாது. ஆக, இரண்டு மணிகளும் ஒரே கையில், ஒன்று இன்னொன்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாக்கிக்கொண்டே இருக்கும், உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நீங்கள் பார்க்கப் போவது திரையைத்தான்.

அடுத்தது இயந்திரம் போனுக்கு வேலை செய்கிறது என்று சொல்லி விற்ற ஒன்று. 1846-இல் தொடங்கிய சுவிஸ் வாட்ச் நிறுவனமான யூலிஸ் நார்டின் 2009-இல் சேர்மன் என்ற ஸ்மார்ட்போனை அறிவித்தது. பின்பக்கம் கண்ணாடி வழியே தெரியும்படி ஒரு பெரிய ரோட்டர், பக்கத்தில் வாட்ச்சில் இருப்பது போலத் திருகு, ஆரம்ப விலையே 10,000 டாலருக்கு மேல். போனைக் கையில் வைத்து நடமாடும்போது ரோட்டர் சுழன்று பேட்டரிக்குக் கூடுதல் சக்தி தரும் என்று சொன்னார்கள். கூடுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் படித்தவர்கள் பலர் மனதில் அப்படித்தான் பதிந்தது.

இது எவ்வளவு சக்தி தரும் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளி இயற்பியலே போதும். தாராளமாக 10 கிராம் எடையுள்ள ஒரு ரோட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரைச்சுற்று சுழலும்போது அதன் எடை மையம் 3 சென்டிமீட்டர் கீழிறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம், போனின் அகலத்துக்கு இதுவே அதிகம். எடை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு தடவை விழும்போது கிடைப்பது ஏறத்தாழ 0.003 ஜூல். மறுபக்கம் 3,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஒரு பேட்டரி, 3.8 வோல்ட் என்று கொண்டால், சேமித்து வைப்பது ஏறத்தாழ 41,000 ஜூல். வகுத்துப் பாருங்கள், ரோட்டர் 1 கோடியே 30 லட்சம் தடவைக்கு மேல் விழ வேண்டும். நொடிக்கு ஒரு தடவை என்று இரவு பகலாக ஆட்டினால் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதுவும் உராய்விலும் மின்னாக்கியிலும் ஒரு துளிகூட வீணாகவில்லை என்ற கனவுக் கணக்கில். அதற்குள் போன் தன் போக்கில் எத்தனை தடவை பேட்டரியைக் காலி செய்திருக்கும் என்பது வேறு.

குறை ரோட்டரிடம் இல்லை. கைக்கடிகாரம் ஓடுவதற்கு ஒரு வாட் மின்திறனைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் சில பங்கு போதும், ரோட்டர் அந்த உலகத்துக்காகப் பிறந்தது. திரை எரிகிற போனுக்கு ஒரு வாட் அளவிலாவது வேண்டும். நடுவே லட்சக்கணக்கான மடங்கு இடைவெளி. யானைக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுதான். ஆகவே எந்த போனிலாவது ரோட்டரோ சாவித் திருகோ பேட்டரியைக் கணிசமாகச் சார்ஜ் செய்கிறது என்று விளம்பரம் வந்தால், மேலே போட்ட கணக்கை அந்த எடைக்கும் அந்தப் பேட்டரிக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, இப்போது அதிகம் கண்ணில் படுவது இதுதான். போனைச் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. கடையில் கிடைக்கிற ஐபோனை வாங்கி, பின்பக்கத்தைக் கழற்றி, தங்கத்தாலோ டைட்டானியத்தாலோ புது முதுகு செய்து, அதில் ஒரு வாட்ச்சைப் பதித்து விற்பது. ரஷ்யாவில் தொடங்கிய கேவியர் என்ற நிறுவனம் இதில் பேர் பெற்றது. 2022-இல் ஐபோன் 14 ப்ரோவின் முதுகில் ஒரு நிஜ ரோலக்ஸ் டேடோனாவைப் பதித்து, மூன்றே மூன்று போன்கள் செய்து, ஒவ்வொன்றுக்கும் 1,30,000 டாலருக்கும் மேல் விலை வைத்தார்கள். ஆப்பிளுக்கும் ரோலக்ஸுக்கும் இதில் பங்கில்லை. அந்த வாட்ச்சுக்கும் போனுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று ஓடாவிட்டால் மற்றதற்குத் தெரியாது. பார்க்க அட்டகாசமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டேடோனா என்பது தனியாகவே வாங்க ஆள் காத்துக் கிடக்கிற வாட்ச். அதை மணிக்கட்டில் கட்ட முடியாதபடி ஒரு போனின் முதுகில் அறைந்து வைப்பது எனக்கு அந்த வாட்ச்சுக்குச் செய்த தண்டனை மாதிரித்தான் படுகிறது.

இதற்கும் கீழே இன்னொரு ரகம் உண்டு. பழைய வாட்ச்சுகளின் பல்சக்கரங்களைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிசின் ஊற்றிய முதுகுகள், கவர்கள். அவை ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை, அழகுக்காக என்று தெரிந்து சொற்ப விலைக்கு வாங்கினால் தவறே இல்லை. பெரிய விலைக்கு வாங்கும்போதுதான் சிக்கல், படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சக்கரங்கள் ஒன்றோடொன்று பல் கோத்திருக்கின்றனவா, பேலன்ஸ் வீல் ஆடும் காணொளி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, காசுக்குத் தகுமா என்ற கேள்வி. இதில் நான் முக்கியமாக நினைப்பது விலையை அல்ல, வயதை. நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும். தேய்ந்த உறுப்பை மாற்றலாம், கிடைக்காவிட்டால் கைதேர்ந்தவர் செய்தே போடலாம். 1950-இல் செய்த வாட்ச் இன்றும் அதே மணியைத்தான் காட்டுகிறது, ஏனென்றால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது மாறவில்லை. போன் அப்படி இல்லை. அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. நெட்வொர்க் மாறும், இயங்குதளம் மாறும், செயலிகள் பழைய பதிப்பைக் கைவிடும், பேட்டரி வேதியியலின்படி தானே மூப்படையும். நூறு வருடம் வாழக்கூடிய ஒன்றையும் ஐந்தாறு வருடத்தில் ஓய்வு பெறுகிற ஒன்றையும் ஒரே பெட்டிக்குள் திருகிப் பூட்டினால், பெட்டியின் ஆயுள் குறைந்த ஆயுளுக்குத்தான் சமம்.

இது வெறும் ஊகம் இல்லை, நடந்திருக்கிறது. வெர்ட்டுவின் முதல் போன்கள் 2ஜி போன்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2016 முடிவோடு 2ஜி சேவையை நிறுத்தியது, சிங்கப்பூர் 2017-இல் நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2ஜியை நிறுத்தி, பிறகு 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டது. தங்க உடலும் ரூபி பேரிங்கும் அப்படியே பளபளக்கும், சிம் போட்டால் சிக்னல் வராது. ஸ்மார்ட்போன் காலத்து ஆடம்பர போன்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வந்தது, வாட்சாப் ஆண்ட்ராய்டு 4-ஐயே கைவிட்டுவிட்ட பிறகு அந்தக் காலத்துப் பத்தாயிரம் டாலர் ஆண்ட்ராய்டு போனில் என்ன செய்ய முடியும்? நிறுவனங்களின் ஆயுளும் இதே மாதிரிதான். நோக்கியா 2012-இல் வெர்ட்டுவின் பெரும்பங்கை விற்றது, அதன்பின் அது கை மாறிக் கை மாறி, 2017-இல் இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. வெர்ட்டு என்ற பெயர் வேறு கைகளில் இன்றும் போன் விற்கிறது, ஆனால் 2005-இல் வாங்கிய போனைப் பூட்டிய ஆட்கள் அங்கே இல்லை.

வயதை விட்டாலும் ஒரே பெட்டிக்குள் இவை இரண்டும் ஒத்துப்போவதில்லை. வாட்ச்சின் பேலன்ஸ் வீலோடு இணைந்திருக்கும் மயிரிழை போன்ற ஸ்பிரிங் காந்தமேறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், வாட்ச் தாறுமாறாக முந்தும். போனுக்குள் ஸ்பீக்கரில் காந்தம், அதிர்வு மோட்டாரில் காந்தம், புதிய ஐபோன்களின் முதுகில் வளையமாகக் காந்தம். வாட்ச் சர்வீஸ் செய்பவர்கள் போனுக்குப் பக்கத்தில் வாட்ச்சைக் கழற்றி வைக்காதீர்கள் என்று சொல்வார்கள், இங்கே அதை போனோடு குடிவைத்திருக்கிறார்கள். சிலிக்கான் ஸ்பிரிங் போட்ட இயந்திரமாக இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், விற்பவரிடம் அதைக் கேட்கலாம்.

அப்புறம் வயர்லெஸ் சார்ஜிங். அதற்குப் போனின் முதுகு சார்ஜர்மேல் தட்டையாக ஒட்ட வேண்டும், நடுவே உலோகம் இருக்கக்கூடாது. முதுகில் வாட்ச் இருந்தால் இரண்டும் கெட்டது, உலோகம் சூடாகும், காந்தப்புலத்தில் ஸ்பிரிங்கும் மாட்டிக்கொள்ளும். வயர் போட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். தடிமன், எடை, மேசையில் வைத்தால் ஆடுவது எல்லாம் சொல்லாமலே தெரியும். விழுவதைப் பற்றியும் யோசியுங்கள். போன் விழாமல் வைத்திருப்பவர்கள் குறைவு. வாட்ச்சுக்குள் அச்சு உடையாமல் காக்கிற அதிர்ச்சித் தாங்கி உண்டு, ஆனால் அது கையோடு கட்டிய சில பத்து கிராம் பொருளுக்காக யோசித்தது. கால் கிலோ எடையோடு காதிலிருந்து தரைக்குப் போகிற ஒன்றில் டூர்பியானின் கூண்டு என்ன பாடுபடும் என்பதை நினைத்தால் எனக்கே நடுங்குகிறது.

அப்படியானால் யாருக்குமே தகாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். சேகரிப்பவர் ஒருவர், இதை போனாகப் பயன்படுத்தப் போவதில்லை, இயந்திரக் கைவேலையின் ஒரு விசித்திரமான கிளை என்று அலமாரியில் வைக்கப் போகிறார் என்றால், லெ டிஸ் மாதிரி ஒன்று நியாயமான ஆசைதான். சிக்னல் இல்லாவிட்டாலும் அந்தக் கீல் சாவி கொடுக்கும், டூர்பியான் சுழலும், வாட்ச் பகுதி உயிரோடு இருக்கும். சேர்மன் அந்த வகையில் கொஞ்சம் பாவம். அதன் ரோட்டர் சேவை செய்வதே போனுக்குத்தான், போன் செத்தால் ரோட்டர் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். வெர்ட்டு வேறு மாதிரி: இயந்திரம் இல்லாததால் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை, தொட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் திருப்தி இன்றும் அப்படியே இருக்கும்.

முதலீடு என்று சொல்லி விற்க வருபவர்களிடம் மட்டும் நின்று யோசியுங்கள். புகழ்பெற்ற வாட்ச் மாடல்கள் சிலவற்றுக்கு மறுவிற்பனையில் விலை நிற்பதற்குக் காரணம், அவற்றை வாங்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், பழுது பார்க்க வழி இருக்கிறது, எது எத்தனைக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றே மூன்று செய்தார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாங்க விரும்புகிறவர் இரண்டே பேர் என்றால் அந்த அபூர்வத்தால் என்ன பயன்? அதிலும் நிஜமான ஒரு ரோலக்ஸைப் பிரித்து வேறு பெட்டிக்குள் வைத்தால், வாட்ச் சேகரிப்பவர்களின் கண்ணில் அது இனி மாற்றியமைக்கப்பட்ட வாட்ச். தங்கத்துக்குத் தங்க விலை கிடைக்கும், அவ்வளவுதான் உறுதி.

தினசரி போன் வேண்டும், மெக்கானிக்கல் வாட்ச்சும் பிடிக்கும் என்கிறவருக்கு என் பதில் ரொம்பச் சாதாரணமானது: இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். இந்த போன்கள் எதன் விலையிலும் ஒரு சிறு பங்குக்கு மிக நல்ல போன் கிடைக்கும், சில நூறு டாலருக்கே பின்பக்கம் கண்ணாடி வைத்து ரோட்டர் சுழல்வது தெரிகிற ஆட்டோமேட்டிக் வாட்ச் கிடைக்கும். போன் பழசானால் மாற்றிக்கொள்ளலாம், வாட்ச் கையிலேயே இருக்கும். முதல் தடவை அந்த ரோட்டரையும் பேலன்ஸ் வீலையும் கண்ணாடி வழியே பார்க்கிற சந்தோஷம் ஒரு லட்சம் டாலர் போனில் கிடைப்பதிலிருந்து பெரிதாகக் குறைந்துவிடாது என்பதை அடித்துச் சொல்வேன்.

எவ்வளவு சொன்னாலும் இதுதான் வேண்டும் என்கிறவர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். புதிதாகச் செய்து விற்பவரிடம், போனை மாற்றும்போது வாட்ச் பகுதியைக் கழற்றி அடுத்த போனுக்கோ மணிக்கட்டுக்கோ கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் வயதுப் பிரச்சினையில் பாதி தீரும். இயந்திரத்தின் தயாரிப்பாளர் யார், எந்த எண்ணுள்ள இயந்திரம் என்பதைக் கேட்டு வாங்குங்கள், பெயர் தெரிந்த இயந்திரம் என்றால் எந்த நல்ல வாட்ச் பழுது பார்ப்பவரும் கை வைப்பார். பழசாக வாங்குவதென்றால் உங்கள் ஊரில் இருக்கிற நெட்வொர்க்கில் அது பேசுமா என்று சிம் போட்டு ஒரு தடவை பேசிப் பாருங்கள், பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள், வாட்ச் பகுதிக்கு முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிட்டு எவ்வளவு முந்துகிறது பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் யார் செய்வார்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு, பதில் வரவில்லையென்றால் ஓடாத பொருளுக்குரிய விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.